கேட்டதும் கண்டெடுத்ததும்

கல்வியை ஆசிரியரின் வாயினின்று கேட்டுப் பெறுவதற்கும், எழுதிக் கிடந்த ஏட்டினின்று தாமே கண்டெடுப்பதற்கும் வேறுபாடு உண்டா? உண்டெனில், அவ்வேறுபாடு அறிவைப் பற்றியதா, ஒழுக்கத்தைப் பற்றியதா? ஹதீஸ் கலையை ஓதியவர்களுக்கு இவ்வினா புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் இதனை எடுத்துக்கொண்டு மிக நுட்பமாக ஆராய்ந்து சென்றுள்ளனர். ஆயினும், இவ்வினா என் வீட்டுத் திண்ணைக்கே ஒரு நாள் வந்து சேரும் என்று நான் எண்ணியதில்லை.

என் தங்கையின் மகள் கல்வியியலில் முதுநிலைப் பட்டத்துக்கு, அதாவது எம்.எட். வகுப்பில், பயின்றுகொண்டிருந்தாள். 2014ஆம் ஆண்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த விதிகளால் அப்படிப்பு இரண்டாண்டுப் படிப்பாயிற்று. அதில் ஆய்வேடு ஒன்று எழுதியே ஆக வேண்டும். அவள் படித்ததோ பெருந்தொற்றுக் காலம். 2020 மார்ச்சுத் திங்களில் அடைபட்ட கல்லூரி வாயில், திறந்தும் திறவாமலும் இருந்தது. வகுப்புகள் யாவும் கைப்பேசித் திரையில் நடந்தன. அதிராம்பட்டினத்தில் எங்கள் தெருவில் அலைவரிசை சரிவரக் கிட்டாது. ஆகவே அவள் மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அமர்ந்து பாடம் கேட்பாள். ஆசிரியையின் குரலில் பாதியைக் கடற்காற்று கொண்டுபோய்விடும். கீழே கைக்குழந்தை அழும். மாப்பிள்ளை சவூதியில். ஆய்வு செய்வது எப்படி என்னும் பாடத்தை அவள் இவ்வாறுதான் கற்றாள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவரிடையே கைப்பேசிப் பயன்பாடும் வாசிப்புப் பழக்கமும் என்பது அவளுடைய தலைப்பு. மூன்று பள்ளிகளில் 150 பிள்ளைகளிடம் வினாக்கள் கேட்டு விடை பெற வேண்டும் என்பது திட்டம். பள்ளிகள் மூடிக் கிடந்தமையால் வினாக்களைக் கூகுள் படிவமாக அமைத்து, வகுப்பாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வழியே அனுப்பினாள். 118 படிவங்கள் திரும்பி வந்தன. நினைவூட்டல் பல அனுப்பியும் எஞ்சிய 32 வரவில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளோ நெருங்கிவிட்டது. உடன் பயின்ற தோழி ஒருத்தி வழி சொன்னாள். இரண்டு இரவுகள் கண்விழித்து, அந்த 32 படிவங்களையும் இவளே நிரப்பிவிட்டாள்.

பிறகு அந்த 150ஐயும் கணினியில் இட்டாள். புள்ளியியல் மென்பொருள் நொடிப்பொழுதில் சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு எனத் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் வரை கணக்கிட்டுக் கொடுத்தது. உண்மையை எவ்வளவு நேர்மையாக எண்ணிற்றோ, அவ்வளவு நேர்மையாகவே பொய்யையும் அது எண்ணிற்று.

ஒரு நாள் மஃரிபுக்குப் பின் திண்ணையில் என்னெதிரே வந்து அமர்ந்தாள். "மாமா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றாள். நடந்ததைச் சொல்லிவிட்டுத் தன் பக்கத்து நியாயத்தையும் சொன்னாள். யாருடைய பொருளையும் தான் எடுக்கவில்லை. யாருக்கும் இதனால் இழப்பில்லை. மற்றப் பிள்ளைகள் எழுதிய விடைகளைப் பார்த்து, அதே போக்கில்தான் நிரப்பியிருக்கிறாள். ஆகவே முடிவும் பெரிதாக மாறிவிடவில்லை. "இதில் பாவம் எங்கே இருக்கிறது மாமா? பாவமில்லை என்றால் எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை?"

பாவத்தைப் பற்றி நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மதரஸாவில் ஓதியவன் என்றால் எதற்கும் உடனே ஒரு தீர்ப்பு வைத்திருப்பான் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். அது எங்களுக்கு ஒரு தொல்லை. நான் வேறொன்று கேட்டேன். "அந்த முப்பத்திரண்டு பிள்ளைகள் ஏன் அனுப்பவில்லை?"

அவள் விடை சொல்லவில்லை. அவ்வினாவை அதுவரை அவளிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. எழுபது மணி நேரத்துக்கு மேல் திரையில் பாடம் கேட்டவள் அவள்.

இங்கே ஹதீஸ் கலையார் சொன்னதைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். ஓர் அறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு வந்து சேரும் வழிகளை அவர்கள் எட்டாக வகுத்தார்கள். ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் அவர்களின் நூல் இவ்வெட்டையும் ஒழுங்குபடுத்திக் கூறுவது. ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பது முதல் வழி. மாணவர் ஓதிக் காட்ட ஆசிரியர் கேட்டுத் திருத்துவது இரண்டாவது. இதற்கு அர்ள் என்றும் பெயருண்டு. ஐந்தாவதாக வருவது முகாதபா. அதாவது, ஆசிரியர் ஓர் ஊரிலும் மாணவர் வேறோர் ஊரிலும் இருக்க, எழுதி அனுப்பிக் கற்பிப்பது. எட்டாவதும் இறுதியுமாக வருவது விஜாதா: ஆசிரியரைக் காணாமல், அவரிடம் கேளாமல், அவருடைய எழுத்தைக் கண்டெடுத்துப் பயன்படுத்துவது. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இன்று செய்வது முகாதபா. இணையத்தில் தேடி எடுப்பது விஜாதா. பெயர்கள்தாம் மாறியுள்ளன. இமாம் புகாரீ அவர்கள் தம் நூலின் கல்விப் பகுதியில், அறிஞர்கள் பிற ஊர்களுக்கு அறிவை எழுதி அனுப்புவதற்கென்றே ஒரு பாடத்தலைப்பு வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

இந்த எட்டில் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு நிறைய உண்டு. ஒன்றில் மட்டும் வேறுபாடில்லை. எந்த வழியில் பெற்றாயோ அந்த வழியைச் சொல் என்பதே அது. கேட்டவர் "எனக்கு அறிவித்தார்" என்பார். கண்டெடுத்தவர் "வஜத்து", அதாவது "கண்டேன்", என்பார். கண்டெடுத்ததைக் கேட்டதாகச் சொல்லுதல் ஆகாது. இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் அவர்களின் மகனார் அப்துல்லாஹ், தம் தந்தையாரின் முஸ்னது நூலைத் தந்தையாரிடமே கேட்டு நமக்குத் தந்தவர். ஒரே வீட்டில் வாழ்ந்தவர். அவர் சில இடங்களில், இதனை என் தந்தையாரின் ஏட்டில் அவருடைய கையெழுத்தில் கண்டேன் என்று குறிக்கிறார். என் தந்தை சொன்னார் என்று எழுதியிருந்தால் யார் மறுத்திருக்கப் போகிறார்கள்? கையெழுத்தும் அவருடையது, ஏடும் அவருடையது, மகனும் அவருடைய மகன். எனினும் அந்தச் செய்தியைத் தந்தையின் வாயினின்று கேட்கவில்லை. ஆகவே கேட்டேன் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

இதற்கு மாறானதை அவர்கள் தத்லீஸ் என்றார்கள். ஓர் ஆசிரியரைச் சந்தித்திருப்பார்; ஆனால் இக்குறிப்பிட்ட செய்தியை அவரிடம் கேட்டிருக்க மாட்டார். "இன்னாரிடமிருந்து" என்று மட்டும் சொல்லி, கேட்டது போன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்கிவிடுவார். நேராக ஒரு பொய்யும் இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தியுங்கூட உண்மையாகவே இருக்கலாம். அப்படியிருந்தும் ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ் போன்ற பெரியார்கள் அதனை எத்துணைக் கடுமையாக வெறுத்தார்கள் என்பதைக் கிதாபுகளில் காண்கிறோம். முடிவு மாறவில்லையே என்று என் மருமகள் சொன்னாளே, அந்த வாதத்தை அவர்கள் ஏற்கவில்லை. ஒரு செய்தி சரியா தவறா என்பது ஒன்று. அதை நீ எவ்வாறு அறிந்தாய் என்பதைப் பற்றி நீ சொல்லும் சாட்சியம் மற்றொன்று. சாட்சியம் பொய்யானால், செய்தி மெய்யாக இருப்பது தற்செயலே.

இதையெல்லாம் அவளிடம் கூறினேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் மனத்தை அசைத்தது இதுவன்று. அந்த 32 பேரைப் பற்றிய வினாவே அசைத்தது. அதனைப் பிறகு சொல்கிறேன்.

இன்று ஆய்வு கற்பிக்கக் கிடைக்கும் கருவிகள் சாமானியமானவை அல்ல. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் நிறுவனம் பேணும் 'சோத்கங்கா' என்னும் களஞ்சியத்தில், நாட்டின் பல்கலைக்கழகங்களில் எழுதப்பெற்ற முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் உள்ளன. ஆய்வேட்டை மின்வடிவிலும் ஒப்படைக்க வேண்டும் என்று 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விதித்ததன் விளைவு அது. முன்னர் அவற்றில் ஒன்றைக் காண வேண்டுமாயின் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே இரயிலேறிச் சென்று, நூலகரின் முகம் பார்த்து நிற்க வேண்டும். 2017 ஜூலைத் திங்களில் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் ஆய்வு முறையியலும் ஆய்வேடு எழுதும் முறையும் பாடங்களாகவே கிடைக்கின்றன. எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்பதைக் குறித்து வைத்து, வேண்டும்போது வரிசைப்படுத்தித் தரும் மென்பொருள்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரே செய்தியைக் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாதப் பயணம் செய்து அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்றார்கள் என்று படிக்கிறோம். அத்தகைய பயணங்களைப் பற்றி மட்டுமே கத்தீபுல் பக்தாதீ அவர்கள் தனி நூல் எழுதினார்கள். அந்த ஒரு மாதத்தை இக்கருவிகள் ஒரு நிமிடமாகச் சுருக்கிவிட்டன. இதனை அருட்கொடை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? பச்சிளங் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியூர் செல்ல இயலாத நம் பெண்மக்கள் ஆய்வுக் கல்வி பெற முடிந்தது இவற்றால்தான். புகாரீ நூலைக் கற்பிப்பதில் புகழ் பெற்றிருந்த கரீமா என்னும் மர்வு நாட்டு அம்மையாரிடம், மேற்சொன்ன கத்தீபுல் பக்தாதீ அவர்களே மக்காவில் பாடங் கேட்டார்கள். அக்காலத்தில் ஓர் அம்மையார் அந்நிலையை அடைய எத்தனை ஊர் கடந்து செல்ல வேண்டியிருந்திருக்கும்!

நேரில் கற்பித்தால் மட்டும் எல்லாம் செம்மையாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. கணினி வருமுன்னரே, பழைய ஆய்வேட்டில் ஓர் ஊர்ப் பெயரை நீக்கி வேறோர் ஊர்ப் பெயரை இட்டுத் தட்டச்சு செய்தவர்கள் உண்டு. நெறியாளர் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்துப் பட்டம் பெற்றவர்களின் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அருகில் இருத்தல் வேறு, கவனித்தல் வேறு.

எங்கள் ஊரார்க்குத் தொலைவு புதியதன்று. இலங்கை, மலேயா, பின்னர் வளைகுடா என்று மூன்று தலைமுறைகளாக ஆண்கள் கடல் கடந்து வாழும் ஊர் இது. என் வாப்பா பினாங்கில் இருந்தார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை வருவார்கள். என்னை அவர்கள் வளர்த்தது கடிதத்தில்தான். "நோன்பு எத்தனை பிடித்தாய்? உம்மாவைக் கேட்டு எழுதாதே. நீயே எண்ணி எழுது" என்று எழுதுவார்கள். கணக்கில் 94 வாங்கினேன் என்று பெருமையாக எழுதினால், போன ஆறு எங்கே போயிற்று என்று மறு கடிதத்தில் வினவுவார்கள். ஆறு மதிப்பெண் எப்படிப் போயிற்று என்பதை நான் தாளைப் பார்த்து எழுதியாக வேண்டும். அதே தெருவில், தகப்பனார் நாள்தோறும் வீட்டிலிருந்தும் ஒரு வார்த்தை கேட்கப்படாமல் வளர்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள். பின்னாளில் நான் ஹதீஸ் கலையில் முகாதபாவைப் பற்றி ஓதியபோது, உஸ்தாது விளக்குமுன்னரே எனக்கு அது விளங்கிவிட்டது.

ஆகவே, திரையின் வழியே ஆய்வு கற்பிக்க இயலுமா என்று கேட்டால், இயலும் என்பதே என் கருத்து. எதைக் கற்பிக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை. தேடும் முறை, மாதிரி எடுக்கும் முறை, அட்டவணை போடும் முறை, மேற்கோள் காட்டும் முறை என்று யாவற்றையும் கற்பிக்கிறார்கள். இவையெல்லாம் கண்டெடுக்கும் கலைகள். கண்டெடுக்காததை என்ன செய்வது என்பதை யார் கற்பிக்கிறார்கள்?

இமாம் கஸ்ஸாலீ அவர்களின் இஹ்யா நம் வீடுகளில் பெயரளவிலேனும் அறியப்பட்ட நூல். அதில் எடுத்தாளப்பட்ட நபிமொழிகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தேடிக் குறித்தவர் ஹாபிழ் ஜைனுத்தீன் இராக்கீ அவர்கள். ஹிஜ்ரி 806இல் மறைந்தவர். இப்னு ஹஜர் அவர்களின் ஆசிரியர். ஹதீஸ் கடலை நீந்திக் கடந்தவர் அவர். அப்பேர்ப்பட்டவர் பல இடங்களில், இதற்கு மூலம் எனக்குக் கிடைக்கவில்லை என்னும் பொருள்பட எழுதிச் செல்கிறார். "இல்லை" என்று முடித்துவிடாமல் "எனக்குக் கிடைக்கவில்லை" என்கிறார். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கக் கற்றுக்கொண்டவனே ஆய்வாளன் என்று நான் கருதுகிறேன்.

இணையத் தேடல் இதில் மாணவரை எளிதில் தவறச் செய்யும். என் மருமகளின் ஆய்வேட்டு முன்வரைவைப் படித்தபோது, இக்கடற்கரைப் பகுதியில் முஸ்லிம் பெண்களின் வாசிப்புப் பழக்கம் பள்ளிக்கூடங்கள் வந்த பின்னரே தோன்றியது என்று ஒரு வாக்கியம் கண்டேன். எங்கிருந்து எடுத்தாய் என்றேன். தேடிப் பார்த்தாளாம், அதற்கு முந்திய செய்தி ஒன்றும் கிடைக்கவில்லையாம். நான் எழுந்து சென்று, என் உம்மாவின் தாயார் வைத்திருந்த மரப்பெட்டியைத் திறந்து, அரபுத் தமிழ்க் கிதாபு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தொழுகை, நோன்பு, கணவன் மனைவி கடமைகள் எல்லாம் அரபு எழுத்தில், நம் தமிழ் மொழியில். தமிழ் எழுத்து ஒன்றுகூட அறியாத அந்த அம்மையார் அந்தக் கிதாபை நாள்தோறும் படித்தவர்கள். ஓரங்களெல்லாம் விரல் பட்டுக் கறுத்திருந்தன. அரசாங்கக் கணக்கெடுப்பில் அவர்கள் எழுத்தறிவற்றவர்களாக எழுதப்பட்டிருந்தால் வியப்பதற்கில்லை. தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடுகிறவளுக்கு அந்த எழுத்து எங்கே அகப்படும்?

ஏட்டிலிருந்து தாமே படிப்பவர்க்கு வரும் பிழைக்குத் தஸ்ஹீஃப் என்று அரபியில் பெயர். புள்ளியிடாத எழுத்தில் பாவும் தாவும் ஸாவும் ஒன்றாகவே தோன்றும்; வாய்ப்பாடம் கேட்டவர் சரியாக ஓதுவார், மற்றவர் தடுமாறுவார். தமிழ் ஓலைகளிலும் இதே கதைதான். மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, குறிலுக்கும் நெடிலுக்கும் எகர ஒகரங்களில் வேற்றுமையில்லை, ரகரமும் காலும் ஒரே வடிவம். இந்தக் காவிரி நாட்டின் உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ.வே.சாமிநாதையர், ஊர் ஊராக ஏடு தேடி ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். பாடவேறுபாடுகளையும், ஏடு கொடுத்தவர்களின் பெயர்களையும் தம் பதிப்புகளில் மறைக்காமல் குறிப்பது அவர் வழக்கம். அவருக்கு முன்னரே, புலவர் நாயகம் என்று நாம் போற்றும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் 1842இல் சீறாப்புராணத்தை அச்சேற்றினார்கள். இன்று அச்சுநூலைப் படம் பிடித்துக் கணினியைக் கொண்டு எழுத்தாக மாற்றும்போது, அதே பழைய மயக்கங்கள் புது வேடத்தில் வருகின்றன. அம்மாதிரி ஒரு பிழையை மூன்று ஆய்வேடுகள் ஒன்றையடுத்து ஒன்று படியெடுத்திருந்ததை நானே கண்டேன். மூன்றும் சான்று காட்டியிருந்தன. ஒருவரும் மூலத்தைத் திறந்து பார்க்கவில்லை.

இக்குறைகளைக் களையவும் கருவி செய்திருக்கிறார்கள். 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனையில்லை; 40 வரை சென்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும்; 60 வரை என்றால் ஓராண்டு தடை; அதற்கும் மேற்பட்டால் பதிவே நீக்கப்படும். நல்ல விதிதான். ஆனால் அந்தக் கருவி பார்ப்பது சொல்லையே. என் மருமகள் நிரப்பிய 32 படிவங்களை அதில் இட்டால் ஒப்புமை சுழியமாகவே இருக்கும். அவள் எவரிடமிருந்தும் எடுக்கவில்லையே! திருட்டைக் கண்டுபிடிக்கும் கருவிக்குக் கற்பனை களங்கமற்றதாகத் தோன்றுகிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தருவதோடு, சில வேளைகளில் உலகில் இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்துச் சான்றும் தந்துவிடுகின்றன. ஹதீஸ் கலையார் இதனைக் கண்டால் திகைக்க மாட்டார்கள். செய்தியை இட்டுக்கட்டியவர்கள் ஸனதையும் சேர்த்தே இட்டுக்கட்டினார்கள் என்பதை அவர்கள் நன்கறிவார்கள். அத்தகைய மௌளூஆன செய்திகளைத் திரட்டி இப்னுல் ஜவ்ஸீ அவர்கள் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டிலேயே நூல் செய்தார்கள். அன்று அதைச் செய்தவனுக்கு ஒரு நோக்கம் இருந்தது. அவன் மறுமையில் பதில் சொல்ல வேண்டியவன். இயந்திரத்துக்கு நோக்கமுமில்லை, விசாரணையுமில்லை. அதன் பொய்யை யார் கையெழுத்திட்டு ஒப்படைக்கிறாரோ, பாரம் அவர் தலையில்தான் இறங்குகிறது.

இனி அந்த முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு வருவோம்.

என் வினாவுக்கு விடை தேடி அவள் வகுப்பாசிரியர்களிடம் தொலைபேசியில் பேசினாள். இரண்டு நாளில் செய்தி தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கைப்பேசியே இல்லை; அல்லது இருந்த ஒன்றையும் தகப்பனார் விடியற்காலையில் கடலுக்கோ உப்பளத்துக்கோ எடுத்துச் சென்றுவிடுவார். படிவம் அவர்கள் கண்ணிலேயே படவில்லை. ஆய்வோ கைப்பேசிப் பயன்பாட்டைப் பற்றியது! அவளோ, மற்றப் பிள்ளைகளின் போக்கிலேயே நாள்தோறும் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் கைப்பேசி பார்ப்பவர்களாக அவர்களை எழுதியிருந்தாள். யாருக்கும் இழப்பில்லை என்றவள், அன்றிரவு மீண்டும் திண்ணைக்கு வந்தபோது அதைச் சொல்லவில்லை. "மாமா, ஏழைப் பிள்ளைகளை எல்லாம் நான் பணக்காரர்களாக்கி, அவர்கள் இருந்த இடமே தெரியாமல் அழித்துவிட்டேனே" என்றாள். நான் ஓதிய கிதாபு எதிலும் இதனை இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

நெறியாளரிடம் சொல்வதா என்பது அடுத்த சிக்கல். சொன்னால் ஆய்வேடு தள்ளப்படலாம், ஓராண்டு வீணாகலாம். மாப்பிள்ளை அனுப்பிய பணம் அதில் இருக்கிறது. என் தங்கை, "மகளே, வாயை மூடிக்கொண்டிரு, ஊரில் எல்லாரும் செய்வதுதானே" என்று கடிந்தாள். தாயின் மனம் அது; அவளைக் குறை சொல்ல எனக்கு நாவெழவில்லை. நானும், சொல் என்று அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லாதிருக்கலாம் என்றும் கூறவில்லை. சொல்வதாயிருந்தால் 118 என்னும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன எழுதுவாய் என்பதை மட்டும் யோசித்து வைத்துக்கொள் என்றேன்.

அவள் நெறியாளருக்கு எழுதினாள். அந்த அம்மையாரைப் பற்றி எனக்கு அதுவரை நல்லெண்ணம் இல்லை. ஆறு மாதத்தில் ஒரு முறைகூட, இந்தப் படிவங்கள் எப்படி வந்தன என்று கேட்டவரல்லர். ஆனால் அன்றிரவு பத்து மணிக்குமேல் அவரே அழைத்தார். முக்கால் மணி நேரம் பேசினார். முதலில் கடுமையாகத்தான் கடிந்துகொண்டார். பிறகு அவர் குரல் தணிந்தது என்று மருமகள் சொன்னாள். 118 போதும் என்றாராம். 32ஐ நீக்கி, கணக்கை மீண்டும் போட்டு, அவை ஏன் வரவில்லை என்பதைத் தனிப் பத்தியாக எழுதச் சொன்னாராம். அன்று முதல் ஆய்வேட்டை இருவரும் பார்க்கக்கூடிய ஒரே கோப்பாக இணையத்தில் வைத்து, அவள் எழுத எழுத அவர் ஓரத்தில் வினா எழுதினார். எந்த வரியை எப்போது மாற்றினாள் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. ஒரு நாள் அவள் எனக்குத் திரையைக் காட்டினாள். ஓரமெங்கும், எங்கிருந்து, எப்படித் தெரியும், நேரில் பார்த்தாயா என்ற வினாக்கள். மாணவர் ஓதிக் காட்ட ஆசிரியர் கேட்டுத் திருத்தும் அர்ள் என்னும் பழைய முறையை நான் கண்ணாடித் திரையில் கண்டது அன்றுதான். நெறியாளர் இருந்தது முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

2021 செப்டம்பரில் பள்ளிகள் திறந்த பிறகு, ஆய்வேடு முடிந்துவிட்ட போதிலும், அந்த 32 பேரில் சிலரையேனும் பார்க்க வேண்டும் என்று குழந்தையை என் மனைவியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டாள். பதினொரு பேரைக் கண்டாள். நால்வர் பள்ளிக்குத் திரும்பவேயில்லை. எஞ்சியவர்களிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டாளாம். ஒரு பெண்பிள்ளை, மீன் மடித்து வந்த செய்தித்தாளை உலர்த்திப் படிப்பதாகச் சொன்னது. இந்த விடையைக் குறிக்க அவளுடைய படிவத்தில் கட்டம் ஏதும் இல்லை. குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.